அரைப்பேர்

“அரசியல் எங்களுக்கு எதுக்குங்க? அது ஆம்பளைங்க சமாசாரம்.”

மலையகத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எவரும் இவ்வாக்கியத்தைக் கேளாதிருத்தல் அரிது. பெற்றோர் கூட்டத்திலும், பஸ் தரிப்பிடத்திலும், தோட்டத்து டிஸ்பென்சரி வாசலிலும் நாம் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் எமது மாணவர்களின் தாய்மார். வெட்கத்தோடும் அவர்கள் இதனைச் சொல்வதில்லை; பெருமையோடும் சொல்வதில்லை. பனி இறங்குகிறது, மழை வரப்போகிறது என்று சொல்வதைப் போல, மனிதரால் மாற்றவியலாத ஓர் இயற்கை உண்மையாகவே சொல்லுகிறார்கள். ஆனால், இயற்கை உண்மையைப் போலத் தோன்றும் சமுதாய உண்மை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனால் நயமடைகின்றவர்களும் உண்டு. இந்த வாக்கியத்தை எமது தாய்மாருக்குக் கற்பித்தவர் யார், இதனால் இலாபமடைந்தவர் யார் என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினாவாகும்.

நாம் திம்புள்ளப் பகுதியில் தமிழ் கற்பிக்கிறோம். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறியவர்கள் என்ற முறையில், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லுகிறோம். இரு வேந்தரிடையே மூளவிருந்த போரின் நடுவே ஒரு பெண் சென்று பேசினாள் என்பதைக் கேட்டு மாணவியர் வியப்படைகிறார்கள். பாடம் முடிந்து மணியடிக்கிறது. அவர்கள் வீடு திரும்பும் வழியில், பசிய மலைச்சரிவிலே, அவர்களுடைய அன்னையர் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஔவைக்கும் இவர்களுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் மாத்திரமா இடைவெளி என்று நாம் எம்மையே கேட்டுக்கொள்வதுண்டு.

திம்புள்ள என்றதும் உலகச் சந்தை அறிந்தது ஒரு தேயிலையின் பெயரை. கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துல என விரியும் இம்மலைகளின் தேயிலைக்கு இலண்டன் வணிகர் நூறாண்டுக்கு மேலாக மதிப்புக் கொடுத்து வந்துள்ளனர். அந்த மதிப்பின் முதற் படி விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு லயத்து அடுப்படியில் ஆரம்பமாகிறது. அவள் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், ரொட்டி தட்டுகிறாள், பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தலை பின்னுகிறாள், பாற்குடி மறவாத பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் ஒப்படைக்கிறாள், பெரட்டுக்கு ஓடுகிறாள். மாலையில் இறுதி நிறுவை முடிந்து திரும்பியதும் மீண்டும் அதே அடுப்பு, அதே தண்ணீர். எனவே, எமது தாய்மாரைத் தொழிலாளி என்று சொன்னாலும் பாதி. இல்லத்தரசி என்று சொன்னாலும் பாதி. இரண்டு முழு வேலைகளைச் செய்பவளுக்கு இரண்டிலும் பாதிப் பெயரே கிடைத்திருக்கிறது.

‘பெயர்’ என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே ஆளுகிறோம். தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்பது ஒரு நாட் சம்பளம். ‘இந்த மாதம் இருபது பேர்’ என்றால் இருபது நாள் வேலை செக்ரோலில் ஏறியிருக்கிறது என்பது பொருள். குறித்த கிலோ நிறையாவிட்டால், அல்லது அரை நாளில் வேலை நிறுத்தப்பட்டால், அது ‘அரைப்பேர்’. ஈரக் கொழுந்துக்கு ஒரு கழிவு, கூடைக்கும் படங்குக்கும் ஒரு கழிவு என்று தராசடியில் கழிந்தவை போக மிஞ்சியதே அவளுடைய பேர். ஒரு மனிதப் பிறவியின் பெயரும் அவளது நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட மொழி வேறெங்கேனும் உண்டோ, நாம் அறியோம். இந்தப் பெண்களின் அரசியல் வாழ்வைச் சொல்லவும் இதனைவிடப் பொருத்தமான சொல் எமக்குக் கிடைக்கவில்லை. அரசியலில் அவர்கள் ஒரு நூற்றாண்டாக அரைப்பேர்.

தமக்கு அரசியல் இல்லை என்று கூறும் பெண்கள் இம்மலைகளில் மாத்திரம் வாழ்பவரல்லர். கடல் கடந்து யப்பானைச் சற்று நோக்குவோம். அங்கே 1918 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தொயாமா மாகாணத்தின் உவோசு என்னும் கடற்கரைப் பட்டினத்தில், அரிசி விலையேற்றத்தால் வதைபட்ட மீனவரின் மனைவியர் துறைமுகத்துக்கு வந்து, தம்மூர் அரிசியை வெளியூருக்குக் கப்பலேற்ற விடோம் என்று நின்றனர். அந்தப் பொறி நாடெங்கும் பரவிற்று. செப்டெம்பரில் மந்திரிசபையே பதவி துறந்தது. ஒரு மந்திரிசபையை வீழ்த்திய போராட்டத்தைத் தொடக்கிவைத்த அப்பெண்களுக்கு அன்று வாக்குரிமை கிடையாது. அது 1945 டிசெம்பரிலேதான் வந்தது. 1946 ஏப்ரலில் நடந்த தேர்தலில் 39 பெண்கள் யப்பானியப் பாராளுமன்றம் புகுந்தனர்.

அதன்பின் நடந்தவை மேலும் கவனிக்கத்தக்கவை. 1948 இல் ஓக்கு முமேயோ என்னும் பெண்மணியின் தலைமையில் இல்லத்தரசியர் சம்மேளனம் தோன்றிற்று. அதன் சின்னம் வாளுமன்று, சுத்தியலுமன்று. சோறு பரிமாறும் அகப்பை. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் ஒரு யப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. சந்தை மீனை வாங்க அஞ்சிய தோக்கியோ நகரத்துச் சுகினாமி வட்டாரப் பெண்கள் வீடு வீடாகச் சென்று குண்டுக்கெதிராகக் கையொப்பம் சேர்த்தனர். அவ்வியக்கம் நாடளாவி வளர்ந்து இரண்டு கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களை ஈட்டியது. 1965 இல் செத்தகாயா வட்டாரத்து இல்லத்தரசியர் சிலர் நியாய விலையிற் பால் வாங்கவென ஒன்றுகூடினர். அதிலிருந்து வளர்ந்த கூட்டுறவு இயக்கம் பின்னாளில் தன் உறுப்பினரையே நகர சபைகளுக்கு அனுப்பியது.

இத்தனைக்கும் பின், அமெரிக்க ஆய்வாளர் ராபின் லெபிளாங் தோக்கியோ இல்லத்தரசியரிடையே வாழ்ந்து ஆராய்ந்து 1999 இல் ஒரு நூல் வெளியிட்டார். முதியோரையும் உடற்குறையுடையோரையும் பேணும் பொதுப்பணியில் நாள் முழுதும் ஈடுபட்ட பெண்கள், தமக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்றே அவரிடம் கூறினார்களாம். தோக்கியோவின் அடுக்கு வீட்டுக்கும் திம்புள்ளயின் லயத்துக்கும் செல்வத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. ஆயினும் சொல்லப்பட்ட வாக்கியம் ஒன்றே. பாலும் மீனும் தண்ணீரும் அரசியலின் புறத்தே உள்ளவை என்று எங்கோ ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. கோட்டின் ஒரு பக்கத்தில் மேடை, ஒலிபெருக்கி, மாலை, நாற்காலி. மறு பக்கத்தில் பெண்கள்.

இம்மலைகளில் அக்கோடு கிழிக்கப்பட்ட வரலாற்றைப் பார்ப்போம். 1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் அதன் முன் தோன்றினர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுகிறீர்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அக்னஸ் த சில்வா விடையிறுத்தார். 1931 இல் ஆண் பெண் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதில் வாக்குரிமை கிடைத்தது. இந்நாட்டில் நிலையாக வாழ்பவர் என்று நிரூபிக்க வேண்டிய தடைகள் தோட்ட மக்களுக்கு இருந்தும், கூடை சுமந்த பெண்கள் பலர் வாக்களித்தனர். பிரான்சு நாட்டுப் பெண்களுக்கு அன்று வாக்கில்லை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அவர்கள் 1945 இலேயே முதன்முறை வாக்களித்தனர்.

அதே 1931 இல் கோ. நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக நின்ற மனைவி மீனாட்சியம்மாளைப் பற்றி எமது பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. துண்டுப் பிரசுரம் வாசிக்கத் தெரியாத மக்களிடையே அவர் பாட்டைக் கொண்டு சென்றார். தாமே பாடல் இயற்றி, தொழிலாளர் கூட்டங்களில் தாமே நின்று பாடினார். 1940 இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். ஒரு பெண் பொது மேடையில் வாய்திறப்பதே பழிக்கிடமாயிருந்த காலம் அது. அச்சிட்ட தாளைத் துரைமாரின் காவலர் பறித்துவிடலாம். நிரையில் நின்றபடி வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டை யார் பறிப்பது? முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியான ஆண்டும் அதுவே. ஆண்டுதோறும் தியாகிகளை நினைவுகூரும் எமது சங்கங்கள் அந்தப் பாடகியை எத்தனை தடவை நினைவுகூர்ந்தன?

1947 தேர்தலில் மலையகம் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் கொட்டகலையில் கே. குமாரவேலுவும் வென்றனர். எழுவருள் பெண் எவருமில்லை. எழுவரையும் அனுப்பிய வாக்குகளிலோ பெண்களின் வாக்குகளும் இருந்தன. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த சட்டங்கள் வாக்குரிமையையும் பறித்தன. 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு பேனா முனையால் நாடற்றவராயினர். அவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வழி சொல்லப்பட்டது. விண்ணப்பமோ குடும்பத் தலைவனை மையமாகக் கொண்டது. மனைவியும் பிள்ளைகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். தாய்வீடு சென்று பிள்ளை பெற்று வருவதும், சாவுக்கும் வாழ்வுக்கும் ஊர் சென்று மீள்வதும் வழக்கமாயிருந்த குடும்பங்களில் இச்சான்று எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பாருங்கள். தன் பெயரில் வாக்களித்தவள், கணவனின் தாளில் ஒரு வரியாகச் சுருங்கினாள்.

1952 இல் இதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடந்தது. பல மாதங்கள் நீடித்தது. பலன் கிட்டவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கொழுந்து பங்கிடுவது போற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர். தாய் ஒரு கரை, மகள் மறு கரை என்றாகிய குடும்பங்கள் எத்தனை! கொழும்பிலும் டில்லியிலும் கையொப்பமிட்டவர்களுள் எவரும் ஒரு லயத்துப் பெண்ணிடம் உன் விருப்பம் யாது என்று கேட்கவில்லை. நாடற்றோர் என்ற பழியை முற்றாகத் துடைக்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறிற்று. ‘அரசியல் எங்களுக்கு எதுக்கு’ என்ற வாக்கியம் இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் முற்றியது என்பதே எமது துணிபு. அரசியல் அவளிடம் வந்தபோதெல்லாம் அவளிடமிருந்து எதையோ எடுத்துச் செல்லவே வந்திருக்கிறது.

பறித்தவர்கள் வெளியார் மாத்திரமே என்று முடித்துவிட்டால் எமக்கு மனம் ஆறும். ஆனால் அது முழு உண்மையன்று. 1927 இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கொரு விகிதம், பெண்ணுக்கொரு விகிதம், சிறுவருக்கொரு விகிதம் என்று வகுத்தது. இந்த வேறுபாடு 1984 ஏப்ரலில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னரே நீங்கியது. இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் தொழிற்சங்கங்கள் எத்தனையோ கோரிக்கைகளை முன்வைத்தன. பெண்ணின் குறைசம்பளம் அவற்றின் வரிசையிற் பின்னேதான் நின்றது. அவள் ஈட்டிய சம்பளத்தைக் கூடக் கணவன் கையிற் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. சம்பளத்திலிருந்து சந்தா பிடிபட்டது அவள் பெயரில். தோட்டக் கமிட்டியில் அமர்ந்தவர் அவள் கணவர். தோட்டத் தொழிலாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். சங்கத்தின் உயர்பீடங்களிலோ விரல்விட்டு எண்ணலாம். ‘மாதர் தலைவி’ என்று ஒரு பதவி உண்டு. மே தின ஊர்வலத்துக்குப் பெண்களைத் திரட்டுவதும், வருகின்ற பிரமுகருக்கு ஆரத்தி எடுப்பதும் அப்பதவியின் கடமைகளுள் முக்கியமானவை.

இனி, நாமே கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். எமது ஆசிரியப் பணியின் ஆரம்ப ஆண்டுகளில், 2017 இன் கடும் வரட்சிக் காலத்தில், எமது மாணவியொருத்தி வசித்த லயத்தில் குழாய் வரண்டது. பன்னிரண்டு காம்பராக்களுக்கு ஒரே குழாய். தோட்டத் தலைவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. பிரதேச சபையிடம் போனபோது, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடச் சட்டம் இடந்தராது என்று கைவிரித்தார்கள். அது வெறுஞ் சாக்குப்போக்கன்று. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அவ்வாறு தடையாய் நின்றது உண்மை. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. எமது மக்கள் முப்பதாண்டு காலம் தமக்கு ஒரு குழாய் போட அதிகாரமற்ற சபைகளுக்கு வாக்களித்து வந்தனர் என்பது இதன் பொருள்.

அம்மாணவியின் தாய் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் மகளிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் நிறைந்தது, எந்தக் காம்பராவில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று ஒன்பது வாரம் எழுதிவந்தார். தராசடியில் நிற்கும்போது ஏனைய பெண்கள் தத்தம் கணக்கைச் சொன்னார்கள், அவர் குறித்துக்கொண்டார். பிறகு ஒருநாள் அந்த லயத்துப் பெண்கள் அனைவரும் பெரட்டுக்குச் செல்லாது, வெறுங்குடங்களோடு தோட்டத்து அலுவலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். அரைப்பேர் போகும் என்று தெரிந்தே உட்கார்ந்தார்கள். கொப்பியின் பிரதியொன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சென்றது. மூன்று கிழமையில், மேற்கணக்கு ஊற்றிலிருந்து குழாய் பதித்துத் தண்ணீர் வந்தது. அதன் அருகே ஒரு சீமெந்துப் பலகையும் வந்தது. அதிற் பொறிக்கப்பட்ட இரண்டு பெயரும் ஆண்களின் பெயர்.

2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல். பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்க வேண்டும் என்ற புதிய சட்டம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. கட்சிகளெல்லாம் பெண்களைத் தேடி அலைந்தன. அந்தத் தோட்டத்திலும் ஒரு பெண்ணின் பெயர் பட்டியலில் ஏறியது. தலைவர் ஒருவரின் உறவுப் பெண். கொப்பி எழுதியவரிடம் துண்டுப் பிரசுரம் விநியோகிக்கக் கேட்டார்கள். “நீங்களே நின்றிருக்கலாமே?” என்று நாம் வினவினோம்.

“ஐயோ, அரசியலெல்லாம் நமக்கு ஒத்து வராது டீச்சர்.”

“அப்போ குழாய்க்குப் பண்ணினது என்ன?”

“அது அரசியலுங்களா? அது தண்ணிப் பிரச்சினைங்க.”

இவ்விடையை நாம் பல ஆண்டுகள் சிந்தித்திருக்கிறோம். சான்று திரட்டினார், ஒன்றுசேர்த்தார், எந்த அதிகாரியின் கையில் எந்த அதிகாரம் உள்ளது என்று கண்டறிந்தார், இழப்பை எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தார், வென்றார். அரசியல் என்பதற்கு இதனின் மேலான இலக்கணம் நாம் கற்ற நூலெதிலும் இல்லை. ஆயினும் அவரே அதற்கு அப்பெயரைத் தர மறுத்தார். பெயர் தர மறுத்ததனால், அத்திறமை அந்தக் குழாயோடு நின்றுவிட்டது. பிள்ளை மடுவத்தின் ஒழுகும் கூரைக்கும், தராசடியில் அடிக்கப்படும் கழிவுக்கும், சம்பளப் பேச்சுவார்த்தைக்கும் அது சென்று சேரவில்லை. எமக்கு நேர்ந்த நட்டம் இதுதான்.

இடதுசாரி நண்பரொருவரிடம் இதனைச் சொன்னபோது அவர் புன்னகைத்தார். “இவை உடனடித் தேவைகளுக்கான கோரிக்கைகள், இவற்றை அரசியலுணர்வு என்று பெரிதுபடுத்தக்கூடாது, உணர்வு வெளியிலிருந்து ஊட்டப்பட வேண்டும்” என்றார். நாம் அவரது நேர்மையை மதிக்கிறோம்; கருத்தை ஏற்கவில்லை. சம்பள உயர்வுக்காக ஆண்கள் கோஷமிட்டால் வர்க்கப் போராட்டம். தண்ணீருக்காகப் பெண்கள் உட்கார்ந்தால் உடனடித் தேவையா? உழைப்பாளியின் உடலை மறுநாட் காலைப் பெரட்டுக்கு மீண்டும் தயார்ப்படுத்தும் வேலை முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் நடக்கிறது. அவ்வேலைக்குக் கம்பனி ஒரு சதமும் கொடுப்பதில்லை. கூலியின்றிப் பெறப்படும் உழைப்பு சுரண்டலின் கணக்கில் வாராதென்றால், அக்கணக்கையே திருத்த வேண்டும்.

வெளியிலிருந்து ஊட்டப்படாத உணர்வு எதைச் சாதிக்கும் என்பதற்கு எம்மினத்துப் பெண்களே சான்று தந்திருக்கிறார்கள். கேரளத்து மூணாறு மலைகளிலும் தேயிலை உண்டு. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டெம்பரில் கம்பனி போனசை 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை விட்டு வீதியில் அமர்ந்தனர். ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பொருளில் தமக்கொரு பெயரும் இட்டுக்கொண்டனர். தொழிற்சங்கத் தலைவர்கள் ஓடிவந்தபோது, உங்களுக்கு இங்கே இடமில்லை என்று திருப்பியனுப்பினர். பெரிய மாளிகையும் வாகனமும் உங்களுக்கு எங்கிருந்து வந்தன என்று கேட்டனர். ஒன்பது நாளில் 20 வீத போனஸ் கிடைத்தது. கம்பனியை எதிர்த்ததோடு, தம் பெயராற் பேசிவந்தோரையும் எதிர்த்தமையே அப்போராட்டத்தின் புதுமை. பின்னாளில் அவ்வமைப்பு பிளவுற்றுத் தளர்ந்தது. கட்சிகளின் இழுப்புக்கு அது தாங்கவில்லை. ஒன்பது நாள் எழுச்சி நின்று நிலைக்க ஓர் அமைப்பு வேண்டும். அமைப்பை நடத்தப் பழக்கம் வேண்டும். பழக்கம் வரக் கமிட்டியில் நாற்காலி வேண்டும். மூணாற்றின் வெற்றியோடு இதனையும் நாம் கற்றுக்கொள்ளல் தகும்.

2024 நவம்பர்த் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மக்கள் வாக்கால் அங்கு சென்ற முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் இவர்களே. அன்று எமது வகுப்பறையில் மாணவியர் முகத்திற் கண்ட ஒளியை நாம் குறைத்துக் கூறமாட்டோம். ஆனால் 1931 இலிருந்து கணக்கிட்டால் இதற்குத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் ஆயின. இதே காலத்தில் நாட்கூலி 1,000 ரூபாவாக 2021 இலும், 1,350 ரூபாவாக 2024 செப்டெம்பரிலும் சம்பள நிருணய சபையின் வாயிலாக உயர்ந்தது. உயர்வுக்கெதிராகக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றதும், கூலி உயர்ந்தபோது பல இடங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் கூடவே உயர்ந்ததும் தொழிலாளர் யாவரும் அறிந்தவை. கூடிய கிலோவை எடுக்கும் விரல்கள் பெண்களுடையவை. அந்தக் கிலோ பற்றிய பேச்சு நடக்கும் மேசையில் அவ்விரல்களுக்கு இடமுண்டா? பாராளுமன்றத்தில் இருவர் இருப்பது நன்று. தோட்டக் கமிட்டியில் எத்தனை பெண்கள் என்பதே எமது அடுத்த கேள்வி.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நாம் பெரிய புரட்சித் திட்டம் எதையும் இங்கு வரையவில்லை. எம் கைக்கெட்டிய சில காரியங்கள் உள்ளன. கணித வகுப்பில் வட்டி கணக்கிடக் கற்பிக்கும் நாம், தாயின் சம்பளத் துண்டையும் வாசிக்கக் கற்பிக்கலாம். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எவ்வளவு கழிவு, எவ்வளவு சந்தா என்று ஒரு பிள்ளை வீட்டில் உரத்து வாசித்தால், அந்த வீட்டில் ஒரு கேள்வி பிறக்கும். வரலாற்று வகுப்பில் மீனாட்சியம்மாளுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கலாம். குடியியல் கற்பிக்கும்போது பாராளுமன்றத்தோடு நிறுத்திவிடாது, பிரதேச சபையின் எந்த உறுப்பினரிடம் எதைக் கேட்கலாம், 2018 இன் திருத்தத்துக்குப் பின் எதை மறுக்க முடியாது என்பதையும் சொல்லலாம். கட்டுரை வகுப்பில் ‘எனது தாய்’ என்ற தலைப்பைக் கொடுக்கும்போது, அன்பையும் தியாகத்தையும் மாத்திரம் எழுதினால் போதாது, அவர் பேசி வென்ற ஒன்றையும் எழுதுக என்று கேட்கலாம். அவ்வாறு கேட்டபோது எமக்குக் கிடைத்த கட்டுரைகளில், பிள்ளை மடுவத்துக்குப் பால்மா கேட்டு வாங்கிய தாய் ஒருவர் இருந்தார்; பிழையான தராசை நிறுத்திவைத்த தாய் ஒருவர் இருந்தார்; மதுக்கடையை லயத்தருகே வரவிடாது மறித்த ஐந்து தாய்மார் இருந்தனர். இவர்களுட் பலர் பெற்றோர் கூட்டங்களிற் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருப்பவர்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டக் கூட்டங்கள் பெரும்பாலும் மாலை ஆறரை மணிக்கு நடக்கின்றன. அவ்வேளையில் ஆண்கள் கைகால் கழுவி வந்து வாங்கில் அமர்ந்திருப்பார்கள். பெண்கள் அடுப்பின் முன் இருப்பார்கள். வாராதவர்களைப் பார்த்து, பெண்களுக்கு அக்கறையில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுகிறீர்கள். கூட்டத்தைப் பிள்ளை மடுவத்தில், மதிய நிறுவைக்குப் பின்னுள்ள இடைவேளையில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். அல்லது மாலையில் நடத்துவதாயின், அன்று அடுப்பை ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். கமிட்டியிற் பாதி இடத்தை, சந்தாவிற் பாதியைச் செலுத்துவோருக்குக் கொடுங்கள். இது தயவு அன்று, கணக்கு.

யப்பானியப் பெண்கள் அகப்பையைக் கொடியாக்கினார்கள். எமது தாய்மாருக்குக் கொடி தேடித் தரவேண்டிய தேவையில்லை. தமக்கானதை அவர்களே கண்டெடுப்பார்கள். எம்மாலாவது, அவர்கள் செய்துவருவதை அதன் சரியான பெயரால் அழைப்பது. பெயர் ஏறவேண்டிய ஏடுகளில் அது முழுதாக ஏறுகிறதா என்று பார்ப்பது. வரும் மாதங்களில் உங்கள் அயலிலுள்ள தோட்டங்களில் புதிய கமிட்டிகள் தெரிவு செய்யப்படும்போது, யார் தலைவர் என்று கேட்பதற்கு முன், கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.